காதில் போட்டு வைக்கும் வார்த்தை

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கென்றே பயிற்சி வகுப்பு வைத்து உங்களைப் பாடாய்ப் படுத்துவார்கள். நான் சொல்ல வந்தது வகுப்பறையில் செய்கிற தவறைப் பற்றியும் இல்லை. பஸ்ஸில் செய்கிற தவறைப் பற்றி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு இராஜபாளையத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஆசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். அந்த வழித்தடத்தில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் பாதிப் பேர் நம் மாணவிகளின் அம்மாக்களாக இருப்பார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காய்கறி மூட்டையோடு வருகிறவர்கள். யாராவது ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பார். உட்கார்ந்த உடனே, எம் பிள்ள எப்படிப் படிக்கா டீச்சர் என்று கேட்பார். இடம் கொடுத்தவரிடம் வெறும் வாயோடு எப்படி இருப்பது? நல்லாத்தான் படிக்கா, ஆனா இப்பக் கொஞ்ச நாளா கவனம் சிதறுது, பார்த்துக்கிடுங்க என்று நாமும் ஒன்றை எடுத்து விடுவோம். பெற்றோர் காதில் போட்டு வைப்பது என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதற்குப் பெயர். மனசாட்சியோடு வேலை பார்ப்பதன் அடையாளமாகவே இதை நாங்கள் நினைத்திருந்தோம். காதில் போட்டுவிட்டு நாம் நம் ஸ்டாப்பில் இறங்கிவிடுவோம். வார்த்தை இறங்காது, அந்த அம்மாவோடு வீடு வரைக்கும் போகும்.

இப்போது சொல்லப்போவதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்க வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு அதில் ஆர்வம் அதிகம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஜெயராணி என்றொரு கணக்கு ஆசிரியை இருந்தார். சொந்த ஊர் கூமாப்பட்டி. மேல்நிலை வகுப்புக் கணக்கை அவரைப் போல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோஸ்லின் என்ற நர்ஸோடு ஒரே வீட்டில் இருந்தார். சேர்ந்த புதிதில் ஆளாளுக்கு ஜாதகம் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார்கள். சமூக அறிவியல் டீச்சர் தன் கொழுந்தனுக்கே கேட்டுப் பார்த்தார். ஜெயராணி எல்லாவற்றையும் பணிவாக வாங்கி, மறுநாள் அதைவிடப் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சில வருஷங்களில் ஜாதகங்கள் நின்றுபோயின. ரோஸ்லினுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஜெயராணி லீவு போடுவதும், பள்ளி ஆண்டு விழாவுக்கு ரோஸ்லின் வந்து பின்வரிசையில் உட்காருவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்டதில்லை. பேப்பரில் தன்பாலீர்ப்பு என்று அழகாக எழுதுகிறார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதற்கு 'அந்த மாதிரி' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை, அதையும் ஜெயராணி வெளியே போன பிறகுதான் சொல்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மம்சாபுரத்திலிருந்து வரும் மகேஸ்வரி என்ற பெண் உள்ளங்கையில் மருதாணியால் ஓர் எழுத்தைப் போட்டிருந்தாள். பக்கத்தில் உட்காரும் தோழியின் பெயரின் முதல் எழுத்து அது. தோழியின் கையில் மகேஸ்வரியின் எழுத்து. வகுப்பாசிரியையான தமிழ் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, என்னடி, கட்டிக்கப்போற ஆள் பேரா என்று வேடிக்கையாகக் கேட்டார். வகுப்பே சிரித்தது. மகேஸ்வரி எழுந்து நின்றாள்.

"கட்டிக்கிட முடிஞ்சா இவளத்தான் மிஸ் கட்டிக்கிடுவேன்."

பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். தோழி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

தமிழ் டீச்சர் நேராக, அப்போது தலைமையாசிரியையாக இருந்த என் அறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்கு ஒன்றென்றால் தூங்காதவர். மகேஸ்வரியின் அம்மா மில்லில் ஷிப்ட் முடிந்து சாயந்திரம் நான் போகிற பஸ்ஸில்தான் வருவார், பக்குவமாகக் காதில் போட்டு வைக்கிறேன், பரீட்சை நேரத்தில் பிள்ளை கெட்டுப்போய்விடக் கூடாதே என்றார். மகேஸ்வரி ஜெயராணியின் சிறப்பு வகுப்பில் இருந்தாள். அதனால் அவரையும் கூப்பிட்டேன். நடந்ததைத் தமிழ் டீச்சர் சொல்லி முடிக்கும் வரை ஜெயராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு யோசிங்க மேடம். வீட்டுக்குத் தெரிஞ்ச பொறவு, இன்னைக்கு ராத்திரி அவ எங்க சாப்பிடுவா?"

நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்றார் தமிழ் டீச்சர்.

"எனக்கும் ஒரு டீச்சர் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா அந்த வருஷம் நான் பரீட்சை எழுதல."

வீட்டில் அவரைப் பேய் ஓட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்களாம். பள்ளிக்கு அனுப்பவில்லை. சித்தி ஒருத்தி தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய் அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுத வைத்தார். அதை ஏதோ ஒரு கணக்கின் விடையைச் சொல்வதைப் போல் சொல்லிவிட்டு, ஜெயராணி அடுத்த பீரியடுக்குப் போனார். இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்ததை ஒரு பிள்ளைக்காக எங்கள் முன்னால் திறந்திருக்கிறார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழ் டீச்சர் அன்றைக்கு மகேஸ்வரியின் அம்மா கண்ணில் படாமல் பஸ்ஸில் பின்படிக்கட்டு வழியாக ஏறி நின்றுகொண்டே போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் வேறு வேறு பெஞ்சுக்கு மாற்றவில்லை, தனித்தனியாக உட்கார வைத்து விசாரிக்கவும் இல்லை. வகுப்புக்குப் போய், இதை வைத்து யாராவது கேலி பேசினால் என்னிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். ஆனால் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்ட பேச்சை யார் கட்டி வைப்பது? நாங்கள் போடாத வார்த்தையை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பிரேயர் முடியும் முன்பே மகேஸ்வரியின் அப்பா அலுவலக வாசலில் நின்றார். மம்சாபுரத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கூடவே அவருடைய அண்ணன், அதாவது பிள்ளையின் பெரியப்பா. அவர்தான் பேச வந்தவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே தாளாளருக்குப் போன் போயிருந்ததால் அவரும் வந்துவிட்டார். பள்ளியை நடத்தும் குடும்பத்தின் இளைய தலைமுறைக்காரர் அவர். நல்ல மனுஷன்தான், வம்பு என்று வந்தால் மட்டும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்.

பெரியப்பா பிள்ளையின் டி.சி.யைக் கேட்டார். படித்தது போதும், சுந்தரபாண்டியத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறோம் என்றார். நீங்கள் இந்த இடத்தில் எப்போதாவது உட்காருவீர்கள், அதனால் சொல்கிறேன். டி.சி. கொடுப்பதைப் போல் சுலபமான வேலை பள்ளியில் வேறில்லை. நன்னடத்தை என்று எழுதி, சீல் அடித்து, பிரச்சினையை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடலாம். நமக்கு அன்றைய மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.

பிளஸ் டூ பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போய்விட்டது, பரீட்சை முடியாமல் டி.சி. தர முடியாது என்றேன். பிள்ளைக்குப் பதினெட்டு முடியவில்லை, அதற்குள் கல்யாணம் என்று என் காதில் விழுந்தால் நான் தகவல் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் சொன்னேன். பெரியப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. அதுவரை பேசாமல், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்ற அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"உள்ளதச் சொல்லுங்க டீச்சர். எம் பிள்ள அப்படித்தானா?"

என் வேலைக் காலத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதைப் போல் ஒன்றை யாரும் கேட்டதில்லை. அவர்கள் கையோடு கூட்டிவந்திருந்த மகேஸ்வரி பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான், இங்கே இருமினால் அங்கே கேட்கும். சேச்சே, அப்படியெல்லாம் இல்லை அண்ணாச்சி, நல்ல பிள்ளை என்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம். அது வாய் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அப்படியென்றால், அந்த மாதிரி இருந்தால் நல்ல பிள்ளை இல்லை என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் நானே சொன்னதாக ஆகிவிடும். ஆமாம் என்று சொன்னாலோ, அவள் பரீட்சை அன்றோடு முடிந்தது.

"உங்க மக எவ்வளவு மார்க் எடுத்தான்னு கேளுங்க, சொல்றேன். யார் கூடயாவது சண்டை போட்டாளா, காப்பி அடிச்சாளான்னு கேளுங்க, இல்லைன்னு சொல்றேன். அவ மனசுல என்ன இருக்குன்னு சொல்ல வேண்டியது அவ. நான் இல்ல."

"இல்லைன்னு சொல்ல மாட்டேங்கீங்களே டீச்சர்."

"ஆமான்னும் சொல்லலையே அண்ணாச்சி."

அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் பெரியப்பா வேறு பக்கம் தாவினார். பிள்ளை தானாகவா கெட்டது, உங்கள் கணக்கு டீச்சர் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊருக்கே தெரியும், சிறப்பு வகுப்பு என்ற பெயரில் என்ன சொல்லிக்கொடுத்தாரோ என்றார். தாளாளர் என்னிடம் கேட்காமலே ஆள் அனுப்பி ஜெயராணியை வரச் சொல்லிவிட்டார்.

கையில் சாக்பீஸ் தூளோடு அவர் வந்து நின்றார். வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று தாளாளர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் குறுக்கே விழுந்திருப்பேன். ஜெயராணி எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"ரோஸ்லின் இருக்கா சார். நாங்க ரெண்டு பேரும் ஒரு வீடு. என் வகுப்புல உள்ள எந்தப் பிள்ளையப் பத்திக் கேக்கணும்னாலும் கேளுங்க, அதுக்குப் பதில் சொல்றது என் வேலை. ரோஸ்லினப் பத்தி இதுக்கு மேல பதில் சொல்றது என் வேலை இல்ல."

சொல்லிவிட்டு, வகுப்பு நடுவில் நிற்கிறது, போகலாமா மேடம் என்று என்னிடம் கேட்டார். போங்க என்றேன். அவர் நடை கொஞ்சமும் மாறவில்லை. வராந்தா திருப்பத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாக நான் மட்டும் பார்த்தேன்.

அப்பா பக்கத்து அறைக்குப் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். டி.சி. இல்லாமலே கூட்டிப்போவதை என்னால் தடுக்க முடியவில்லை. அவர்கள் போனதும் தாளாளர் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். ஜெயராணி டீச்சரைப் பரீட்சை முடியும் வரை நீண்ட விடுப்பில் போகச் சொல்லலாமே, யாருக்கும் சங்கடம் இல்லையே என்றார். வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். இப்படிப்பட்டவை எல்லாம் பள்ளியில் மெதுவான குரலில்தான் நடக்கும்.

அந்த நேரத்தில் நீதி, நியாயம் என்று நான் பிரசங்கம் செய்திருந்தால் அவருக்கு ரோஷம் வந்திருக்கும். தாராளமாகச் செய்யலாம் சார், ஆனால் விடுப்புக்குக் காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமே, என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். உடல்நலம் என்று போடுங்கள் என்றார். அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பொய்ச் சான்றுக்கு யாரிடம் போவது என்றேன். சொந்தக் காரணம் என்றார். காரணம் அவருடையது இல்லையே, நம்முடையதுதானே, நாம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, ரிவிஷன் எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் மேடம் என்று எழுந்து போனார். உங்களுக்கும் இப்படி யாராவது மெதுவான குரலில் ஏதாவது சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றை யாராலும் எழுத முடியாது.

ஆனால் மகேஸ்வரியின் இடம் காலியாகவே கிடந்தது. தோழியை அவள் வீட்டார் அம்மாவின் துணையோடு ஆட்டோவில் அனுப்பி, ஆட்டோவிலேயே திரும்பக் கூட்டிப்போனார்கள், அவள் யாரிடமும் பேசுவதில்லை. செய்முறைத் தேர்வுக்கு வராவிட்டால் மகேஸ்வரிக்கு அந்த வருஷம் போய்விடும். அவள் வீட்டுக்கு நான் போனால் போலீஸ் வந்த மாதிரி இருக்கும். ஜெயராணி போனால் எரிகிற நெருப்பில் எண்ணெய். நான் போகிறேன் மேடம் என்று தமிழ் டீச்சர்தான் வந்தார். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். தேர்வுத் தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய ரெக்கார்டு நோட்டு, அம்புட்டுத்தான் என்றார். அவரைப் போன்ற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று எனக்குத் தெரியும்.

அப்பா கடையில் இருக்கும் நேரம் பார்த்து மம்சாபுரம் போயிருக்கிறார். அம்மா ஷிப்ட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். மகேஸ்வரி உள்ளே சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தமிழ் டீச்சர் தேதியைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார், காப்பியைக் குடித்தார், எழுந்தார். அம்மா வாசல் வரைக்கும் வந்து, கூட்டிட்டு வாரேன் என்று மட்டும் சொன்னாராம்.

சொன்னபடியே கூட்டிவந்தார். செய்முறைத் தேர்வுக்கும் வந்தார், பிறகு ஒவ்வொரு பொதுத்தேர்வுக்கும் வந்தார். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருப்பார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். மில்லில் அத்தனை நாள் சம்பளம் போயிருக்கும். அவரைப் பார்க்கும்போதெல்லாம் போய் ஏதாவது ஆறுதல் சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

கடைசித் தேர்வு நாளன்று வெயில் கடுமையாக இருந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று நானும் ஜெயராணியும் மரத்தடிக்குப் போனோம். அம்மா எழுந்து நின்றார். தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. ஜெயராணியை நேராகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஜெயராணியும் அதற்குத் தயாராகத்தான் நின்றார்.

"ஒங்க அம்மா ஒங்க கூடப் பேசுறாகளா டீச்சர்?"

தமிழ் டீச்சருக்கும் தாளாளருக்கும் உடனுக்குடன் பதில் சொன்ன ஜெயராணிக்கு இதற்குப் பதில் வர நேரமாயிற்று.

"இல்லம்மா. அன்னைக்கு நிறுத்துனவுக. இன்னும் பேசல."

"யாரு சொன்னா அவியகிட்ட?"

"ஒரு டீச்சர் சொன்னாங்க."

அம்மா தலையை ஆட்டினார். டிபன் பாக்ஸின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"எங்கிட்ட யாரும் சொல்லல டீச்சர். எம் பிள்ளைய எனக்குத் தெரியாதா? அவிய அப்பா இப்ப அவகிட்டப் பேச்சு நிறுத்திட்டாக. என்னைக்குப் பேசுவாகளோ தெரியாது."

நாங்கள் எல்லோரும் இந்த அம்மாவின் காதில் போடுவதா வேண்டாமா என்று எத்தனை மல்லுக்கட்டினோம். அந்தக் காதுக்கு எங்கள் யாருடைய வார்த்தையும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஜெயராணி என் பக்கம் திரும்பாமல் நின்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கேள்வித்தாளை விசிறிக்கொண்டு, கத்திக்கொண்டு கேட்டை விட்டு வந்தார்கள். மகேஸ்வரி கடைசியாக வந்தாள். எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

"ஏட்டி, எப்படி எழுதுன?" என்று கேட்டார்.